முதல் ஊசிக்கு முன்னால்: கல்ச்சர் எடுத்தாச்சா?

மூன்றாவது நாள்தான் கைக்கு வருகிறது அந்த ரிப்போர்ட். இடப்பக்கம் பத்து, பதினைந்து மருந்துகளின் பெயர்கள். எதிரே ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் நோயாளியின் உடலில் இருக்கும் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ‘ஆர்’ என்றால் அடங்காது. நடுவில் ‘ஐ’ என்று ஓர் எழுத்தும் உண்டு. மருந்தின் அளவைக் கூட்டினாலோ, மருந்து அதிகமாகப் போய்ச் சேரும் உறுப்பில் தொற்று இருந்தாலோ பலன் கிடைக்கலாம் என்று பொருள். ஒரு காலத்தில் எஸ் நிறைந்திருந்த இந்தக் காகிதத்தில் மேலிருந்து கீழ்வரை ஆர் மட்டுமே வருவது, தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்திருக்கும் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் இன்று புதிதல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகங்களை ஒரு வலையமைப்பாக்கி 2013 முதல் இந்த எழுத்துகளைத் தொகுத்துவருகிறது. அதன் 2022 ஆண்டறிக்கையில் இமிபெனம் என்ற மருந்தின் கதை இருக்கிறது. மற்ற மருந்துகள் பலிக்காதபோது கையில் எடுக்கும் கார்பபெனம் வகை ஊசி மருந்து அது. 2017இல் ஈ.கோலை கிருமிகளில் 81 சதவிகிதம் இமிபெனத்துக்கு அடங்கின. 2022இல் அது 66 சதவிகிதம். கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமியில் 59லிருந்து 42க்கு இறங்கிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு சரிவு. இவை பெரிய மருத்துவமனைகளுக்கு வந்த நோயாளிகளின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஊரில் உள்ள அத்தனை பேரின் கணக்கும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் உயிருக்குப் போராடுபவர்கள் போய்ச் சேரும் இடம் அதுதானே.

புதிய ஆன்டிபயாடிக் எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறோம். இருக்கிற மருந்தில் எது இந்த நோயாளிக்கு வேலை செய்யும் என்று கண்டுபிடிக்கும் சோதனையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் ஊசியைப் போட்டுக்கொண்டே, அது பலிக்குமா என்று சொல்லக்கூடிய சோதனையை விட்டுவிடுகிற வழக்கம் இங்கே சாதாரணமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை ‘கல்ச்சர்’ என்ற அந்தச் சோதனையைப் பற்றியது.

ஒரு பிளேட்டின் இரண்டு இரவு

காய்ச்சலும் நடுக்கமுமாக வந்த நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுக்கிறார் செவிலியர். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி தேவை. இந்த அளவு முக்கியம். ரத்தத்தில் கிருமிகள் கூட்டமாக இருப்பதில்லை. ஒரு மில்லியில் ஒன்றிரண்டுகூட இல்லாமல் போகலாம். மூன்று மில்லியோடு நிறுத்திக்கொண்டால், கிருமி இருந்தும் ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். ஊட்டக் குழம்பு நிரம்பிய அந்தப் பாட்டில் தானியங்கிக் கருவிக்குள் போகிறது. உள்ளே கிருமி பெருகினால் கரியமில வாயு உண்டாகும். கருவி அதைக் கண்டுபிடித்து ஒலி எழுப்பும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் தெரிந்துவிடும். ஒலிக்காத பாட்டிலை ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

ஒலித்ததும் ஒரு சொட்டை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கிருமி நீலமா சிவப்பா, உருண்டையா குச்சியா என்ற அளவிலேயே மருத்துவருக்கு உடனே போன் போகும். மீதியை, அகார் என்ற ஊட்டக் கூழ் நிரப்பிய பிளேட்டில் தடவி ஒரு ராத்திரி வளர்க்கிறார்கள். மறுநாள் காலையில் பழகிய கண்ணுக்குப் பாதி விடை தெரிந்துவிடும். மெக்கான்கி அகாரில் ஈ.கோலை தட்டையான இளஞ்சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். கிளெப்சியெல்லா சளிபோலக் கொழகொழவென்று திரளும். சூடோமோனாஸ் பச்சை நிறத்தோடும் பழ வாசனையோடும் வரும்.

அடுத்துத்தான் முக்கியமான சோதனை. வளர்ந்த கிருமியைக் கொஞ்சம் உப்புநீரில் கலக்குகிறார்கள். எவ்வளவு கலங்க வேண்டும் என்பதற்கு 1907இல் ஜோசஃப் மெக்ஃபார்லண்ட் வகுத்த அளவுகோல் இன்றும் இருக்கிறது: 0.5 மெக்ஃபார்லண்ட், அதாவது ஒரு மில்லியில் ஏறக்குறைய 15 கோடிக் கிருமிகள். அதில் பஞ்சை நனைத்து, பிளேட் முழுவதும் இடைவெளியில்லாமல் தடவுகிறார்கள், நாற்றங்காலில் விதை தூவுவதுபோல. ஈரம் காய்ந்ததும் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித டிஸ்க்குகளை அதன்மேல் வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து, அளந்து ஏற்றப்பட்டது. 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் விட்டால் போதும். மருந்து டிஸ்க்கிலிருந்து ஊறிப் பரவும்; கிருமி நாலாபக்கமும் வளரும். மருந்து வென்ற இடத்தில் தெளிவான ஒரு வட்டம் விழும். மருந்து தோற்றால் டிஸ்க்கின் விளிம்புவரை கிருமி வந்து நிற்கும்.

இந்த பிளேட்டுக்கு முல்லர்-ஹின்டன் அகார் என்று பெயர். மாட்டிறைச்சிச் சாறு, பால் புரதமான கேசின், கொஞ்சம் மாவுச்சத்து என்று செய்முறை எளிமையானது. 1941இல் ஹார்வர்டில் ஜான் ஹோவர்ட் முல்லரோடு இதை உருவாக்கிய ஜேன் ஹின்டனுக்கு அப்போது வயது 22. கறுப்பினப் பெண். அவருடைய தந்தை வில்லியம் ஹின்டன், சிஃபிலிஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்த பாக்டீரியா ஆய்வாளர். ஜேன் பிறகு கால்நடை மருத்துவம் படித்து, 1949இல் அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இரண்டு கறுப்பினப் பெண்களில் ஒருவரானார். வெட்டைநோய், மூளையுறைக் காய்ச்சல் கிருமிகளை வளர்ப்பதற்காக அவர்கள் செய்த அகார் அது. ஆன்டிபயாடிக் சோதனைக்கு உலகமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்களில் அவர் பெயரைத் தினமும் சொல்கிறார்கள். அவர் யாரென்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியதாயிற்று.

மருந்துக்கு முன்பே வந்த எதிர்ப்பு

1940 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செய்னும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருக்கிறது என்பது அதன் சாரம். ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகு, 1941 பிப்ரவரியில். அவர் தேறிவந்தார், கையிருப்புத் தீர்ந்தது, அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி போட்டும் போதவில்லை, இறந்துபோனார். ஆக, முதல் நோயாளிக்கு முன்பே எதிர்ப்புக்கான ஆயுதம் கிருமியிடம் இருந்தது. குறைந்த அளவில் மருந்தைச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும் என்று அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

மருந்துகள் பெருகப் பெருக, சோதனை முறைகளும் ஊருக்கு ஒன்றாகப் பெருகின. ஓர் ஆய்வகத்தில் எஸ் வந்த கிருமி இன்னோர் ஆய்வகத்தில் ஆர் என்று வந்தது. இந்தக் குழப்பத்துக்கு சியாட்டிலில் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வரும் 1966இல் ஒரு கட்டுரையால் முடிவு கட்டினார்கள். எந்த அகார், எவ்வளவு கனம், எத்தனை கிருமி, எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் வரையறுத்தார்கள். அகார் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போனால் வட்டம் சுருங்கும். கிருமிக் கரைசல் நீர்த்துப்போனால் வட்டம் விரியும். அவர்கள் வகுத்த கிர்பி-பாவர் முறைதான் இன்றும் நம் மாவட்டத் தலைநகர ஆய்வகங்களில் நடக்கிறது.

பெரிய வட்டம், சிறிய வட்டம்

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். எந்த மருந்துக்கு வட்டம் பெரிதோ அதுவே பலமான மருந்து என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மருந்தும் அகாரில் ஒவ்வொரு வேகத்தில் பரவும், எல்லைக்கோடும் தனித்தனி. அமெரிக்கத் தர நிறுவனமான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணைப்படி, ஈ.கோலைக்கு எதிராக மெரோபெனம் டிஸ்க்கைச் சுற்றி 23 மில்லிமீட்டர் வந்தாலே எஸ். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 26 வர வேண்டும். இரண்டுக்கும் 24 வந்திருந்தால், ஒன்று பலிக்கும், மற்றதை நம்ப முடியாது. இந்த எண்களும் நிலையானவை இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து அதையே பார்த்து எழுதும் ஆய்வகம், நேற்றைய எஸ்ஸை இன்றைய நோயாளிக்குக் கொடுத்துவிடும்.

வட்டத்துக்குப் பதில் எண்ணாகவே விடை வேண்டுமென்றால் எம்.ஐ.சி. பார்ப்பார்கள். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு அது. மருந்தைப் பாதி, பாதியாக நீர்த்துக்கொண்டே போய், வரிசையாக உள்ள சிறு குழிகளில் எந்தக் குழிவரை குழம்பு தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் அடிப்படை முறை. இதையே கருவிகள் தானாகச் செய்கின்றன. அளவு ஏறிக்கொண்டே போகும் மருந்துப் பட்டையை பிளேட்டில் ஒட்டிப் பார்க்கும் முறையும் உண்டு.

இந்த எண் அவசியமாகும் மருந்து கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த மருந்து, கார்பபெனங்கள் தோற்கத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது. ஆனால் அதன் மூலக்கூறு பெரியது; அகாரில் சரியாகப் பரவாது. டிஸ்க் வைத்தால், எதிர்ப்புள்ள கிருமிகூட அடங்குவதுபோலத் தோன்றிவிடும். அதனால் கொலிஸ்டினுக்கு டிஸ்க் கூடாது, குழம்பில் நீர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய தர அமைப்புகள் இரண்டும் சேர்ந்து சொல்லின. 2020இல் சி.எல்.எஸ்.ஐ. ஒரு படி மேலே போய், ஈ.கோலை, கிளெப்சியெல்லா குடும்பத்துக்கு கொலிஸ்டினில் எஸ் என்ற வகையையே எடுத்துவிட்டது. இன்று ஐ, ஆர் இரண்டுதான்.

விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வகம் என்ன செய்யும்? அதற்கும் அழகான வழி இருக்கிறது. 10 மில்லி குழம்புள்ள நான்கு குழாய்கள். முதலாவதில் டிஸ்க் கிடையாது. அடுத்ததில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஒரு டிஸ்க்கில் இருப்பது 10 மைக்ரோகிராம் கொலிஸ்டின். அது குழம்பில் கரைந்ததும் மில்லிக்கு 1, 2, 4 மைக்ரோகிராம் என்று கணக்காக அளவு கிடைத்துவிடும். கிருமியைச் சேர்த்து ஓர் இரவு வைத்தால் போதும். எந்தக் குழாய் கலங்கியது, எது தெளிந்தது என்று வெறுங்கண்ணால் பார்க்கலாம். சி.எல்.எஸ்.ஐ.யின் ஒப்புதல் பெற்ற முறை இது. இதற்கு வேண்டியது பணத்தைவிட, சொல்லிக்கொடுத்த ஓர் ஆளும் கவனமும்.

இதே கொலிஸ்டினை நம் நாட்டில் கோழிகள் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். 2015இல் சீனாவில், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு கொலிஸ்டினைத் தடைசெய்த அரசாணை 2019 ஜூலையில்தான் வந்தது. கடைசி மருந்து என்று நாம் போற்றிக்கொண்டிருந்ததைத் தீவன மூட்டையில் கொட்டிய அத்தனை ஆண்டுகளையும் நினைத்தால் மனம் கொதிக்கிறது.

சென்னையிலிருந்து 44

2007 டிசம்பரில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன்காரர் ஒருவர் டெல்லியில் மருத்துவமனையில் சேர்ந்தார். ஊர் திரும்பியபின் அவருடைய சிறுநீரில் கிடைத்த கிளெப்சியெல்லாவிடம், கார்பபெனத்தையே சிதைக்கும் புதிய நொதி இருந்தது. அதற்கு என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். முதல் இரண்டு எழுத்தும் புதுடெல்லியைக் குறிக்கின்றன.

2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்த ஆய்வுதான் உலகத்தை உலுக்கியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வாளராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று அந்தக் கட்டுரை கணக்குக் கொடுத்தது. இங்கே கோபம் வெடித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயரில் ஏன் டெல்லி என்றார்கள். பெயரைப் பற்றிய மனக்குறையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சண்டையில் 44 என்ற எண் காணாமல் போய்விட்டது. நம் ஊர் மருத்துவமனைகளில் நம் ஊர் ஆய்வாளர் கண்டறிந்த எண் அது. மறுத்தவர்கள் மாற்றுக் கணக்கு ஒன்றைச் சோதித்துக் காட்டியிருந்தால் அது அறிவியல் விவாதமாக இருந்திருக்கும்.

நல்லது ஒன்றும் நடந்தது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ என்ற செயல்திட்டத்தை வகுத்தன. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் அதை ஒருங்கிணைத்தார். 2014 மார்ச் முதல் அமலுக்கு வந்த எச்-1 அட்டவணையின்படி, முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. உங்கள் தெருமுனைக் கடையில் அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

புது மருந்தும் பழைய பிளேட்டும்

சென்னையின் பெயர் இன்னொரு வகையிலும் இந்தக் கதையில் வருகிறது. இங்குள்ள ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான மூலக்கூறு என்மெட்டாசோபேக்டம். செஃபிபிம் என்ற பழைய மருந்தைக் கிருமியின் நொதி சிதைத்துவிடாமல் இது காக்கிறது. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு இந்த இரண்டும் சேர்ந்த மருந்தை 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சென்னையில் 44 கிருமிகளிடம் இருந்த அந்த என்.டி.எம். நொதியின் முன்னால் இது நிற்காது. நோயாளியின் கிருமி எந்த நொதியை வைத்திருக்கிறது என்று தெரியாமல் இதைக் கொடுத்தால், நல்ல மருந்தும் காசும் நாளும் வீண்.

என்.டி.எம். கிருமிக்கு இன்று மருத்துவர்கள் பெரிதும் நம்புவது அஸ்ட்ரியோனமும் அவிபேக்டமும் சேர்ந்த கூட்டணியை. அஸ்ட்ரியோனத்தை என்.டி.எம். சிதைக்காது, ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் மற்ற நொதிகள் சிதைத்துவிடும். அந்த மற்ற நொதிகளைத்தான் அவிபேக்டம் கட்டிப்போடுகிறது. வெளிநாட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் கவலையில்லை என்று தோன்றும். இந்தியாவின் ஈ.கோலையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: அஸ்ட்ரியோனம் போய் ஒட்ட வேண்டிய புரதத்திலேயே நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்ட வகைகள் இங்கே பரவியிருக்கின்றன. அவற்றின் மீது இந்தக் கூட்டணியின் பிடி தளர்கிறது. லண்டனில் எஸ் வாங்கிய மருந்து வேலூரில் என்ன வாங்கும் என்று வேலூரில் சோதித்தால்தான் தெரியும்.

எல்லா மருத்துவமனையிலும் இது நடக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. அகார், டிஸ்க், இன்குபேட்டர், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர், மேற்பார்க்க ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர், இவ்வளவுதான் தேவை. இதிலும் கவனம் பிசகினால் ஆபத்து உண்டு. மின்வெட்டில் குளிர்சாதனப் பெட்டி அணைந்து டிஸ்க்கில் ஈரம் ஏறினால் மருந்து வலுவிழக்கும். வட்டம் சுருங்கி, அடங்கக்கூடிய கிருமியும் ஆர் என்று எழுதப்படும். மருத்துவர் தேவையில்லாமல் கடுமையான மருந்துக்குப் போவார். இதைப் பிடிக்கத்தான் விடை முன்பே தெரிந்த தரக் கிருமியை அதே டிஸ்க்குகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். அந்த நாள் வட்டம் குறித்த எல்லைக்குள் விழாவிட்டால் நோயாளிகளின் ரிப்போர்ட்டை வெளியே விடக் கூடாது. இந்த ஒழுங்கைக் காக்கும் ஆய்வகங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவை நகரங்களில் குவிந்திருக்கின்றன.

ஒவ்வொரு மருத்துவமனையும் ஓராண்டு ரிப்போர்ட்டுகளைக் கூட்டினால், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவிகிதம் பலிக்கிறது என்ற அட்டவணை கிடைக்கும். ஆன்டிபயோகிராம் என்கிறார்கள். கல்ச்சர் முடிவு வரும்வரை எதைக் கொடுப்பது என்று இரவுப் பணி மருத்துவர் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். 2018இல் மாநில அளவில் செயல்திட்டம் வெளியிட்ட கேரளம், மாநில ஆன்டிபயோகிராமையும் பொதுவில் வைக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இப்படி ஓர் அட்டவணை, கிராமத்தில் தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவரும் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகள் இத்தனை இருக்கிற மாநிலத்தில் இது முடியாத காரியமில்லை.

2019இல் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளாலேயே நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் ‘லான்செட்’ கணக்கிட்டது. 2023இல் ஆய்வகம் உறுதிசெய்த தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்று எதிர்ப்புள்ளது, தெற்காசியா அடங்கிய நம் பகுதியில் மூன்றில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் சொன்னது. ‘ஆய்வகம் உறுதிசெய்த’ என்பதைக் கவனியுங்கள். சோதிக்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் கல்ச்சரும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். சிறுநீர் கடுத்தால், பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். முதலில் நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். தனியார் ஆய்வகத்தில்கூட சில நூறு ரூபாய்தான் ஆகும். ஒரு வேளை மாத்திரை உள்ளே போய்விட்டாலே கிருமி பிளேட்டில் வளராமல் ஏமாற்றிவிடும். ரத்தத்தில் தொற்று ஏறி உயிர் ஆபத்தில் இருக்கும்போது மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அந்த முதல் ஊசிக்கு முன் ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். உங்கள் வீட்டில் ஒருவரை அட்மிட் செய்யும்போது, மருத்துவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: “கல்ச்சருக்கு எடுத்தாச்சா, டாக்டர்?” ரிப்போர்ட் வந்ததும், அதைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டுமா, குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்தக் காகிதத்தைத் தூக்கிப்போடாமல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால் முதலில் அதைக் காட்டுங்கள்.